பழைய பாத்திரம்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

காரிமங்கலம் வட்டாரத்துச் சங்கங்களைத் தணிக்கை செய்யச் செல்லுமிடங்களில், கணக்குப் புத்தகங்களை மூடிய பின்னர் அங்கத்தினர்கள் நம்மிடம் வீட்டு விஷயங்களையும் பேசுவதுண்டு. அவற்றுள் அடிக்கடி எழும் வினா, பரணில் கிடக்கும் பாட்டி காலத்துப் பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடலாமா என்பது.

பழையது என்பதற்காகப் போற்றுவதும் சரியன்று, தள்ளுவதும் சரியன்று. அது எந்த உலோகம், அதில் எதைச் சமைக்கிறோம் என்னும் இரண்டையும் ஆராய்ந்தால் விடை தானே கிடைக்கும்.

செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. புளியும் மோரும் பட்டால் செம்பு கரைந்து உணவில் கலக்கும். வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாகும். ஆகவேதான் முன்னோர் உட்புறம் ஈயம் பூசினர். துலக்கிய பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சினால் பரப்புவது அம்முறை. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகுமாதலால், பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் வைக்கலாகாது. பூச்சுத் தேய்ந்தால் மீண்டும் பூசினால் போதும். பாத்திரத்தை விற்க வேண்டியதில்லை.

ஆனால், பேச்சு வழக்கில் வெள்ளீயம், காரீயம் இரண்டையும் நாம் ‘ஈயம்’ என்றே சொல்லுகிறோம். காரீயம் மலிவானது, நஞ்சும் ஆகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கற்ற அளவு என்று ஒன்று அதற்கு அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பூச்சில் அது கலந்திருப்பதைக் கண்ணால் மட்டும் கண்டறிய இயலாது. காரீயப் பற்றவைப்பால் ஒட்டுப்போட்ட பாத்திரத்தையும் சமையலினின்று விலக்குக.

வெண்கலப் பானை சோற்றுக்கும் பொங்கலுக்கும் ஏற்றது, புளிக்குழம்புக்கு வேண்டாம். இரும்புச் சட்டியின் துருவைத் தேய்த்து எண்ணெய் பூசிப் பழக்கினால் மீண்டும் உழைக்கும். அதில் சமைத்த உணவில் சிறிது இரும்புச்சத்தும் சேரும். 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை காணப்பட்டதை எண்ணுக. ஆயினும் சமைத்த குழம்பை அதிலேயே விட்டுவைக்கலாகாது.

கைத்தறி வளர்ச்சிக்கும் உழைத்த ஆல்பிரட் சாட்டர்டன், 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். எடை குறைந்த, மலிவான அப்பாத்திரம் ஏழை வீடுகளுக்கு உதவியது மெய். ஆனால் குழி விழுந்து அரித்துப்போனதையும், கழிவு உலோகங்களை உருக்கி வார்த்த மட்ட ரகத்தையும் ஒதுக்குவதே நலம்; பின்னதில் காரீயம் கலந்திருக்கக்கூடும். சட்னி, சாம்பார் போன்றவற்றை அலுமினியம், இரும்பு, ஈயம் பூசாத பித்தளை, செம்பு ஆகியவற்றில் வைத்திருத்தல் பாதுகாப்பன்று என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும் கூறுகிறது.

விற்பதாயின், முதலில் வீட்டுப் பெண்களைக் கேட்க வேண்டும். சீராக வந்த பாத்திரம் அவர்களது உடைமை. பின்னர் வீட்டிலேயே எடை போட்டு, இரண்டு மூன்று இடங்களில் விலை விசாரிக்க வேண்டும். ‘பழசு’ என்று சொல்லி வியாபாரி விலையைக் குறைத்தால் ஏற்காதீர்கள். பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் மூப்பில்லை.

ஈயம் பூசுவோர் இன்று அருகிவிட்டனர். ஒரு வீட்டின் இரண்டு பாத்திரங்களுக்காக அவர் தொலைவிலிருந்து வரமாட்டார். ஐம்பது வீடுகள் சேர்ந்தழைத்தால் வருவார். சங்கமே நாள் குறித்து, நம்பகமான இடத்தில் சுத்தமான வெள்ளீயத்தைப் பொதுவில் வாங்கிக் கொடுத்து, அங்கத்தினர் கண்முன்னே பூசச் செய்யலாம். அடுத்த பொதுக்குழுவில் இதனைப் பேசி முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.