பொடி எழுத்தைப் பெரிதாக்குங்கள், பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள்

வானகரத்து மருந்துக்கடையில் பாதியாக வெட்டித் தரும் மாத்திரை அட்டை, மளிகைக்கடை மசாலா பாக்கெட், காதில் கிடக்கும் தோடு மூன்றிலும் ஒரே தொல்லைதான். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது கண்ணுக்குப் பிடிபடாத பொடி எழுத்தில் இருக்கிறது. கைபேசிக் கேமரா அதைப் படித்துக் காட்டிவிடும். ஆனால் படிப்பதோடு நின்றால் ஏமாந்த பணம் திரும்பாது.

எதைத் தேட வேண்டும்?

மளிகை: தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், வரிகள் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவற்றை 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. உணவுப் பொருளென்றால் 14 இலக்க உரிம எண்ணும் வேண்டும். விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அது அச்சிட்ட விலையை மறைக்கக் கூடாது. கூட்டி ஒட்டியிருந்தால் விதிமீறல்.

மருந்து: பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் முக்கியம். 08/2026 என்றிருந்தால் ஆகஸ்ட் 31 வரை உட்கொள்ளலாம். வெட்டிய துண்டில் இவை இல்லையென்றால், முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

தங்கம்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) முத்திரை, 22கே916 போன்ற தூய்மைக் குறி, ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. அடையாள எண் மூன்றும் இருக்க வேண்டும். முத்திரையைப் பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்திருப்பது நகைக்கடையின் கடமை, தயங்காமல் கேளுங்கள். எச்.யு.ஐ.டி. எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டுப் பாருங்கள். கையில் மோதிரமும் செயலியில் சங்கிலியும் என்றால் வாங்காதீர்கள்.

எப்படிப் பார்ப்பது?

கேமராவை ஒட்டிப் பிடித்தால் எழுத்து மங்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு, மூன்று மடங்கு ஜூம் செய்யுங்கள். மை இல்லாமல் அழுத்திப் பதித்த எண்ணுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். நேராக அடித்தால் அலுமினியத் தாள் பளபளத்து எதுவும் தெரியாது.

எங்கே எச்சரிக்கை?

ஜூம் அளவு மீறினால், தெரியாத இடத்தை மென்பொருளே ஊகித்து நிரப்பும். 3 என்பது 8 போலத் தோன்றலாம். மருந்துத் தேதி என்றால் இரண்டு கோணத்தில் பார்த்து, கடைக்காரரிடமும் உறுதி செய்யுங்கள். பெரிதாக்கிக் காட்டும் செயலி உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால் அதை நீக்குங்கள். மருத்துவச் சீட்டு, வங்கி அட்டை ஆகியவற்றைத் திரையில் பார்த்தால் போதும், படமெடுத்தால் அது தானாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடக்கூடும்.

தவறு தெரிந்தால்?

பொட்டலத்தையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். முழுப் பொட்டலம், பொடி எழுத்து, பில் மூன்றையும் படமெடுத்து, வெட்டாமல் திருத்தாமல் வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவுப் புகாருக்குத் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. தங்கத்தின் தூய்மை குறைந்திருந்தால், குறைவுக்கான தொகையைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் உங்களுக்கு உரியவை.

அதிலும் தீரவில்லையா? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் பகுதிக்கான மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை.