முகம் சிரிக்கலன்னா மனசு சிரிக்கலன்னு அர்த்தமா?

இன்னைக்கு நேரா ஒரு ஆராய்ச்சியில இருந்தே ஆரம்பிச்சிடலாம்.

அமெரிக்காவுல டெக்சஸ் பல்கலைக்கழகத்தோட டாலஸ் வளாகம். அங்க நோவா சாசன்னு ஒரு உளவியல் பேராசிரியர். அவரும் அவர்கூட வேலை செஞ்சவங்களும் 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கொஞ்சம் பேரைக் கூப்பிட்டு, ரியாலிட்டி ஷோவுக்கு ஆடிஷன் கொடுக்கற மாதிரி கேமரா முன்னாடி பேச வெச்சாங்க. சிலருக்கு ஆட்டிசம் உண்டு, சிலருக்கு இல்ல. அதுல இருந்து சில நொடித் துண்டுகளை வெட்டி, முன்பின் தெரியாத ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. யாருக்கு ஆட்டிசம்னு மட்டும் சொல்லல. இவரைப் பார்த்தா உங்களுக்குப் பிடிக்குதா, இவர் பக்கத்துல உட்காருவீங்களா, பேச்சு கொடுப்பீங்களா, இவர் உங்க வீட்டுக்குப் பக்கத்துல குடிவந்தா சரியா? இதுதான் கேள்விகள்.

சில நொடிதான். அதுக்குள்ளயே ஆட்டிசம் உள்ளவங்களுக்கு மார்க் குறைஞ்சுபோச்சு. வீடியோவுலயும் குறைஞ்சது, வெறும் குரலைக் கேட்டாலும் குறைஞ்சது, ஒரே ஒரு போட்டோவைக் காட்டினாக்கூட குறைஞ்சது.

[திரையில்: தட்டச்சு செய்த ஒரு பக்கம்]

இன்னொரு குழுவுக்கு வீடியோவும் கிடையாது, குரலும் கிடையாது. பேசினதை எழுத்தாக்கிப் படிக்கக் கொடுத்தாங்க. அங்க அந்த வித்தியாசம் காணாமப் போயிடுச்சு. அதாவது அவங்க சொன்ன விஷயத்துல ஒரு குறையும் இல்ல. சொன்ன முகத்தையும் குரலையும் பார்த்துதான் ஜனங்க ஒதுங்கினாங்க.

சரி, அந்த முகத்துல அப்படி என்னதான் வித்தியாசம்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல முகம் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பார்த்துடுவோம். நம்ம முகத் தசைகளை அசைக்கிறது ஏழாவது கபால நரம்பு. அந்த நரம்புக்கு மூளையில ரெண்டு இடத்துல இருந்து கட்டளை வரும். ஒண்ணு, நாமளா நினைச்சு அசைக்கிற வழி. கல்யாண வீட்டுல போட்டோகிராபர் "சார், கொஞ்சம் சிரிங்க"ன்னு சொல்றப்ப வர்ற சிரிப்பு அந்த வழி. இன்னொண்ணு, உணர்ச்சி தானா கிளப்பற வழி. வடிவேலு காமெடி ஓடுறப்ப நம்மள அறியாம வர்ற சிரிப்பு. ரெண்டும் தனித்தனிப் பாதைங்கிறதுக்கு டாக்டர்கள் பார்க்கிற ஒரு சான்று உண்டு. பக்கவாதம் வந்த சிலருக்கு "சிரிங்க"ன்னு சொன்னா வாய் ஒரு பக்கம் இழுத்துக்கும். அதே ஆள் நிஜமாவே ஒரு ஜோக்குக்குச் சிரிச்சா முகம் ரெண்டு பக்கமும் மலரும். உள்ள சந்தோஷம் இருக்கிறது ஒரு விஷயம், அதை முகத் தசைக்குக் கொண்டுசேர்க்கிற வயரிங் வேற விஷயம்னு இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம்.

நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எதிர்ல இருக்கறவர் சிரிச்சா, நாம கவனிக்கிறதுக்கு முன்னாடியே நம்ம கன்னத் தசை லேசா அசையும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான். கன்னத்துலயும் புருவத்துலயும் மின்முனை ஒட்டி அளந்தா தெரியும். 2006ல ஒரு ஆய்வு, ஆட்டிசம் உள்ள பதின்வயசுக்காரங்களையும் பெரியவங்களையும் இப்படி அளந்து பார்த்தது. சிரிக்கிற முகம், கோப முகம் படங்களைக் காட்டினப்போ இந்தத் தானியங்கி அசைவு அவங்ககிட்ட சரியா வரல. ஆனா "இந்த முகத்தை அப்படியே செஞ்சு காட்டுங்க"ன்னு கேட்டப்போ செஞ்சு காட்டினாங்க! தசைக்குப் பலம் இல்லாம இல்ல. தானா ஓட வேண்டியது ஓடல, சொன்னா ஓடுது.

இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து 2018ல ட்ரெவிசன், ஹாஸ்கின், பர்மிங்காம்னு மூணு பேர் ஒரு பெரிய தொகுப்பாய்வு செஞ்சாங்க. ஆட்டிசம் உள்ளவங்க முகத்துல பாவம் கம்மியான தடவைதான் வருது, வந்தாலும் சீக்கிரம் போயிடுது, பார்க்கறவங்களுக்குச் சட்டுனு பிடிபடற வடிவத்துல இல்ல. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எனக்கு முக்கியமாப் படுறது அதே ஆய்வோட இன்னொரு முடிவு: அவங்க முகத்துல வர்ற பாவம் தீவிரத்துல குறைஞ்சது இல்ல. திடீர்னு ஒரு பெரிய சத்தம் கேட்டா, ஒரு வாடை மூக்குல ஏறினா, முகம் மாற எடுத்துக்கற நேரமும் தாமதம் இல்ல. "உணர்ச்சியே இல்லாத ஜடம்"னு பேசறவங்க கவனிக்க வேண்டிய இடம் இது.

இந்த முகத்தைப் பத்தி மருத்துவ உலகம் எழுத ஆரம்பிச்சு நூறு வருஷம் ஆச்சு. ஆட்டிசம்னா எல்லாரும் 1943ல லியோ கானர் பதினொரு பிள்ளைங்களைப் பத்தி எழுதின கட்டுரையைத்தான் சொல்வாங்க. அதுக்கு முன்னாடியே, 1926ல, மாஸ்கோவுல வேலை பார்த்த க்ருன்யா சுகாரெவாங்கற பெண் டாக்டர் ஆறு பையன்களைப் பத்தி ஒரு ஜெர்மன் இதழ்ல விவரமா எழுதியிருக்காங்க. முகத்துல பாவம் கம்மியா இருக்கறதையும் அவங்க அப்பவே குறிச்சு வெச்சிருக்காங்க. அந்தம்மா பேரு வெளிய தெரிய ரொம்ப காலம் ஆச்சு. அதுக்கே தனியா ஒரு வீடியோ போடலாம்.

இப்ப நம்ம வீட்டுப் பக்கம் வருவோம்.

ஒரு துக்க வீடு. அப்பா தவறிட்டார். மூத்த பொண்ணுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அழல. முகத்துல ஒரு சலனம் இல்ல. அத்தைங்க, சித்திங்க கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்கிறப்போ மரம் மாதிரி நிக்கறா. அப்புறம் உள்ள போய், அப்பாவோட மாத்திரை டப்பாவை எடுத்து, திங்கள் செவ்வாய்னு கட்டம் கட்டமா இருக்கும் இல்லையா, அதுல காலியான கட்டத்துல எல்லாம் மாத்திரையை எண்ணி எண்ணிப் போடறா. வெளிய திண்ணையில பேச்சு ஓடுது: "பெத்த அப்பன் போயிட்டான், ஒரு சொட்டு கண்ணீர் வருதா பாரு, கல்நெஞ்சக்காரி." அவ மனசுல என்ன ஓடுதுன்னு அவகிட்ட ஒருத்தரும் கேக்கல. அந்த மாத்திரையை வாரா வாரம் அடுக்கிக் கொடுத்ததே அவதான். அவளோட அழுகை அந்தக் கையில இருக்கு. நம்ம ஊர்ல துக்கத்துக்குன்னு ஒரு முகம், ஒரு குரல், ஒரு முறை இருக்கு. அதுல சேராதவங்களுக்குப் பாசமே இல்லன்னு முடிவு கட்டறது ரொம்பச் சுலபமா நடந்துடுது.

இது நான் உதாரணத்துக்குச் சொன்னது. ஆனா ஆட்டிசம் உள்ள பெரியவங்க கிட்டப் பேசிப் பாருங்க, இதோட ஏதாவது ஒரு சாயல் வரும். கிஃப்டைப் பிரிச்சுட்டு சிரிக்காததுக்குத் திட்டு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் கோபமாப் பேசறப்ப முகம் அதே மாதிரி இருந்ததுக்கு "திமிரா நிக்கறான்"னு ஒரு அடி. ஆபீஸ்ல "ஆட்டிட்யூட் சரியில்ல"ன்னு அப்ரைசல்ல ஒரு வரி.

அவங்க சந்தோஷம் தெரியவே தெரியாதான்னா, தெரியும். வேற இடத்துல பார்க்கணும். கையைப் படபடன்னு உதறுவாங்க, குதிப்பாங்க, பிடிச்ச ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வாங்க, இல்ல பிடிச்ச விஷயத்தைப் பத்தி மூச்சு விடாம பேசுவாங்க. நாம முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா இதெல்லாம் கண்ல படாது.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. ஆட்டிசம் உள்ளவங்களுக்கு அவங்களுக்குள்ள ஒரு முக பாஷை இருக்கு, அவங்களுக்குள்ள நல்லாப் புரிஞ்சுக்குவாங்கன்னு சிலர் சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2016ல ப்ரூவரும் அவர் குழுவும் செஞ்ச ஆய்வுல, ஆட்டிசம் உள்ளவங்க காட்டின பாவங்களை ஆட்டிசம் இல்லாதவங்களும் சரியா கண்டுபிடிக்கல, ஆட்டிசம் உள்ளவங்களும் சரியா கண்டுபிடிக்கல. ஒவ்வொருத்தர் முகமும் ஒவ்வொரு மாதிரி போகுது, பொதுவான அகராதி எதுவும் இல்லன்னுதான் அவங்களுக்குத் தோணிச்சு. அதே நேரம், 2020ல எடின்பரோவுல கேத்தரின் க்ராம்ப்டன் குழு ஒரு கதையை எட்டு எட்டுப் பேர் வரிசையா கடத்தற விளையாட்டு மாதிரி ஒண்ணு நடத்தினாங்க. முழுக்க ஆட்டிசம் உள்ளவங்க இருந்த வரிசையும், முழுக்க இல்லாதவங்க இருந்த வரிசையும் கதையை ஒரே அளவுக்கு நல்லாக் கடத்திச்சு. ரெண்டு தரப்பும் கலந்திருந்த வரிசையிலதான் கதை வேகமாக் கரைஞ்சுது. ஆக, முகம் பிடிபடாட்டியும் வார்த்தையில விஷயம் போய்ச் சேர்ந்திருக்கு. டேமியன் மில்டன்னு ஒரு பிரிட்டிஷ் ஆய்வாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு. "ரெட்டைப் புரிதல் சிக்கல்"னு 2012லயே அவர் சொன்னது இதைத்தான்: புரியாமை ரெண்டு பக்கமும் இருக்கு, பழி மட்டும் ஒரு பக்கம் போகுது.

இன்னும் ஒண்ணு சொல்லணும். அலெக்சிதைமியா. 1973ல பீட்டர் சிஃப்னியோஸ்ங்கற மனநல மருத்துவர் வெச்ச பேர். தனக்கு வர்றது கோபமா, பயமா, பசியான்னே பிரிச்சுச் சொல்ல முடியாத நிலை. ஆட்டிசம் உள்ளவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கும்னு ஆய்வுகள் சொல்லுது. ஆட்டிசம் இல்லாத சிலருக்கும் உண்டு. முகத்துல பாவம் வராததுக்கு ஆட்டிசத்தை விட இதுதான் காரணமா இருக்கலாம்னு 2016ல ஒரு ஆய்வு சந்தேகப்பட்டிருக்கு. இப்படித் தன் உணர்ச்சியைப் பிரிச்சுச் சொல்ல முடியாததாலதான் சில பிள்ளைங்ககிட்ட "ஏன் இப்படி இருக்க? என்ன ஆச்சு?"ன்னு கேட்டா "தெரியல"ன்னு பதில் வருது. அது நெசமான பதில். மழுப்பல்னு நினைச்சு அதட்டாதீங்க.

அப்போ முகத்தைப் பழக்கிவிட்டா சரியாப் போயிடாதா? நிறைய பேர் தாங்களாவே பழகிக்கறாங்க, குறிப்பாப் பெண்கள். கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பார்ப்பாங்க. சீரியல் நடிகைங்க முகத்தைக் காப்பியடிப்பாங்க. மீட்டிங்ல மத்தவங்க சிரிக்கிற நேரத்தை எண்ணி வெச்சு அப்போ சிரிப்பாங்க. இதை "மாஸ்கிங்"னு சொல்றாங்க, முகமூடி போடறது. நாள் முழுக்க அந்த முகத்தைப் பிடிச்சு வெச்சுட்டு வீட்டுக்கு வந்தா, சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது. மாஸ்கிங் அதிகமா செய்யறவங்ககிட்ட மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலா இருக்குன்னு ஆய்வுகள் தொடர்ந்து காட்டுது. "சிரி, சிரிச்சாத்தான் சாக்லேட்"னு நாலு வயசுப் பிள்ளையை உட்கார வெச்சுப் பழக்கறது எனக்குச் சுத்தமாப் பிடிக்கல. அங்க பிள்ளை கத்துக்கறது சந்தோஷத்தை இல்ல, நடிப்பை.

அதுக்குப் பதிலா வார்த்தையைக் கொடுங்க, வழியைக் கொடுங்க. படம் போட்ட அட்டை, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு அளவு, "பிடிச்சிருக்கு", "வேணாம்", "சத்தம் ஜாஸ்தி"ன்னு போன்ல எழுதிக் காட்டற வசதி, எது ஒத்துவருதோ அது. நீங்களும் முகத்தைச் சுளிச்சுட்டு அவங்களே புரிஞ்சுக்கட்டும்னு இருக்காதீங்க. "நான் கோபமா இருக்கேன், ஆனா உன்மேல இல்ல"ன்னு வாயத் திறந்து சொல்லுங்க. கேள்வி கேட்டா, பதில் வர்ற வரைக்கும் சும்மா இருங்க. அந்தப் பத்து நொடி மௌனம் நமக்குத்தான் கஷ்டமா இருக்கும்.

கம்பெனிங்களுக்கும் ஒரு வார்த்தை. இன்டர்வியூ வீடியோவுல முகத்தை அலசி மார்க் போடற சாஃப்ட்வேர் வித்த ஹயர்வியூ நிறுவனமே 2021ல அந்த முக அலசலைக் கைவிட்டதா அறிவிச்சது. வேலை இடத்துலயும் பள்ளிக்கூடத்துலயும் ஆளுங்க உணர்ச்சியைக் கணிக்கிற செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியில இருந்து, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, தடை பண்ணியிருக்கு. மெஷினுக்கே இந்தக் கதின்னா, அரை மணி நேரம் முகத்தைப் பார்த்து ஆளை எடை போடற எச்.ஆர். கொஞ்சம் யோசிக்கலாம்.

கடைசியா, கமெண்ட்ல எழுதப்போறவங்களுக்கு. "என் பையன் சிரிக்க மாட்டேங்கறான், வீடியோ அனுப்பறேன், ஆட்டிசமா பார்த்துச் சொல்லுங்க"ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதுன்னுதான் இவ்வளவு நேரம் பேசினோம். கூச்சம், மனச்சோர்வு, சில மாத்திரைகள், பார்க்கின்சன், முகத் தசையே அசையாத மோபியஸ்ங்கற குறைபாடு, இப்படி முகம் அசையாததுக்கு ஆயிரம் காரணம். கலகலன்னு சிரிக்கிற ஆட்டிசம் பிள்ளைங்களும் நிறைய. இந்தியாவுல ஊனச் சான்றிதழுக்குப் பயன்படுத்தற ஐசா அளவுகோல்ல மொத்தம் 40 கேள்வி இருக்கு. முகம் பார்த்துச் சிரிக்கிறதில்லங்கறது அதுல ஒண்ணே ஒண்ணுதான். சந்தேகம் இருந்தா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்குப் போங்க, டி.இ.ஐ.சி.ன்னு கேட்டாலே சொல்வாங்க. அரசு மருத்துவமனையோட சேர்ந்தே இருக்கும். 18 வயசு வரைக்கும் பரிசோதனை இலவசம்.