மாற்றுவதா, பழுது பார்ப்பதா? கார் ஆம்ப்ளிஃபையர் சொல்லிக் கொடுத்த கணக்கு

பருப்பு, சீனி மொத்த வியாபாரம் செய்கிறவனுக்கும் கார் ஆம்ப்ளிஃபையருக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை எனக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. 9,000 ரூபாயை வீணாக்கி, ஒரு நல்ல பையனின் மனதையும் நோகடித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த நஷ்டம் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

ஆர்டர் எடுக்கவும் வசூலுக்கும் எங்கள் கார் வாரத்தில் நான்கு நாள் கிராமங்களுக்குப் போகும். ஓட்டுகிற தம்பிக்குப் பாட்டு வேண்டும். டிக்கியில் ஆறு வருடத்து ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருந்தது. ஒருநாள் பாட்டு நின்றுவிட்டது. பொருத்துகிற கடைக்குக் கொண்டுபோனோம். மூடியைக்கூடத் திறக்காமல், "போர்டு போயிருச்சு அண்ணாச்சி, ரிப்பேர் பார்த்தா கட்டுப்படி ஆகாது" என்றார்கள். 9,000 ரூபாய்க்குப் புதியது மாட்டினோம். பழையதை 300 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புதியதிலும் சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் இல்லை. "ஓவர் சவுண்டு வச்சு ஓட்டியிருக்காங்க, இதுக்கு வாரண்டி கிடையாது" என்று கடையில் கைவிரித்தார்கள். நானும் அதை நம்பினேன். கடைப் பையன்களுக்கு முன்னால் டிரைவரைத் திட்டி, சம்பளத்தில் 1,000 ரூபாய் பிடித்தேன். "நான் அப்படி வைக்கல முதலாளி" என்று ஒரு வார்த்தைதான் அவர் சொன்னார்.

பிறகு, எங்கள் பஜாரில் பல வருடங்களாக ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பெரியவரிடம் காரைக் காட்டினேன். அவர் ஸ்பீக்கர் ஒயர்கள் எல்லாவற்றையும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றினார். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு வந்தது. ஒவ்வொரு ஒயராக மறுபடி மாட்டிக்கொண்டே வந்தார். முன்பக்க வலது கதவின் ஒயரை மாட்டியதும் மீண்டும் சிவப்பு. கதவுக் கீலில் உரசி உரசி ஒயரின் மேல்தோல் போய், செம்பு வண்டியின் தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. "பொருள்ல குத்தம் இல்ல அண்ணாச்சி, ஒயர்லதான் குத்தம்" என்றார். 150 ரூபாயில் வேலை முடிந்தது. முதல் ஆம்ப்ளிஃபையரும் நல்லதாகவே இருந்திருக்கலாம். அதைத்தான் 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன்.

முதலில் பார்க்க வேண்டியவை

மாற்றுவதா, பழுது பார்ப்பதா என்ற கேள்விக்கு முன்னால், கெட்டது எது என்ற கேள்வி இருக்கிறது. பெரியவர் சொன்ன வரிசை இது. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். ஒயரைக் கழற்றி மாட்டுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும்.

1. விளக்கே எரியவில்லையா? பேட்டரிக்கு அருகில் ஒரு ஃபியூஸ், ஆம்ப்ளிஃபையரிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். இரண்டையும் பாருங்கள். பிறகு பவர் முனையிலும், ஸ்டீரியோவிலிருந்து வரும் மெல்லிய 'ரிமோட்' ஒயரிலும் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபையருக்கு வெளியே இருக்கிறது.

2. எர்த் ஒயர் வண்டியின் தகரத்தில் இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா? பெயிண்ட் மேலோ துருவின் மேலோ மாட்டியிருந்தால் பாட்டு விட்டுவிட்டு வரும், இரைச்சலும் கேட்கும்.

3. சிவப்பு விளக்கு எரிகிறதா? ஸ்பீக்கர் ஒயர்களை எல்லாம் கழற்றுங்கள். விளக்கு மாறினால் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ கோளாறு. மாறாவிட்டால் பெரும்பாலும் உள்ளே கோளாறு.

4. புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போகிறதா? ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிய பிறகும் போனால், உள்ளே பவர் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்காகப் பெரிய ஃபியூஸோ, கம்பியோ, சிகரெட் காகிதமோ போடவே கூடாது. வண்டியே தீப்பிடிக்கும்.

5. கொஞ்ச நேரம் பாடி நின்று, ஆறியதும் மறுபடி பாடுகிறதா? காற்றோட்டம் இல்லாமல் சூடேறியிருக்கலாம். சாம்பிள் மூட்டைகளை ஆம்ப்ளிஃபையர் மேலேயே சாய்த்து வைக்கிற வழக்கம் நமக்கு உண்டு. அதை விட்டுவிட வேண்டும்.

உள்ளே கோளாறு என்றால்

என் கணக்கு சுலபமானது. அதே தரத்தில் புதியது என்ன விலையோ அதில் பாதிக்குள் ரிப்பேர் முடிந்தால் பழுது பார்க்கலாம். புதிய விலையோடு ஒயரிங், மாட்டுக்கூலியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். மெக்கானிக்கிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எது போனது? ஏன் போனது? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அதே கோளாறு திரும்ப வரும். பல டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து சுமை இழுக்கிற இடத்தில், போனதை மட்டும் மாற்றாமல் அந்த வரிசை முழுவதையும் மாற்றுகிறவரே நல்ல மெக்கானிக். பெரிய உதிரிகள் உள்ள பழைய மாடல்களில் கைவேலை சுலபம். பொடிப்பொடியான உதிரிகள் நெருங்கிய புதிய சிறு மாடல்களில் சிரமம்.

போர்டு கருகியிருந்தாலும், தண்ணீர் புகுந்து துரு ஏறியிருந்தாலும், உதிரி கிடைக்காவிட்டாலும், ஒரே கோளாறுக்கு இரண்டு முறை செலவு செய்திருந்தாலும் புதியது வாங்குவதே லாபம்.

புதியது வாங்கும்போது

அட்டைப் பெட்டியில் 1,500 வாட்ஸ் என்று போட்டிருக்கும். நாம் எடை பார்த்துச் சரக்கு வாங்குகிறவர்கள் அல்லவா, இதற்கும் ஒரு தராசு உண்டு. ஆம்ப்ளிஃபையரில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றால், எஞ்சின் ஓடும்போது வரும் சுமார் 14 வோல்ட்டால் பெருக்குங்கள்: 420 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். ஏ.பி. வகையில் சுமார் 250 வாட்ஸும், டி வகையில் சுமார் 330 வாட்ஸும் தொடர்ந்து வெளியே வந்தால் அதிகம். 50 கிலோ மூட்டையைப் பிரித்து 150 கிலோ சில்லறை விற்க முடியுமா?

வாங்கும்போதும் ரிப்பேர் செய்யும்போதும் பில் கேட்டு வாங்குங்கள். எத்தனை மாத உத்தரவாதம் என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு நாமும் நுகர்வோர்தான். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பில் இல்லாமல் போய் நின்றால் பேச்சு எடுபடாது.

நம் கடையில் எடை குறைந்தால் முதலில் தராசைப் பார்க்கிறோம், பிறகுதான் ஆளைக் கேட்கிறோம். அன்று நான் தராசைப் பார்க்காமலே ஆளைப் பிடித்துவிட்டேன். மறுநாள் காலையில் கடை திறந்ததும், அதே பையன்களுக்கு முன்னால் டிரைவர் தம்பியிடம் 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார். இன்றும் அவர்தான் ஓட்டுகிறார். ஆனால் நான் காரில் ஏறினால் பாட்டை நிறுத்திவிடுகிறார். பாடட்டும் தம்பி என்று ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.