ஏபிஎஸ் லைட் வருது, போகுது: இடது வளைவுல மட்டும் ஏன்?

போன மாசம் நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல மூணு போட்டோ அனுப்பினான். மூணுலயும் அவனோட ஃபோர் பை ஃபோர் டாஷ்போர்டு. ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஹில் டிசென்ட், மூணு மஞ்சள் லைட்டும் சேர்ந்து எரியுது. "மச்சான், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போயிடுது. மெக்கானிக்கிட்ட கொண்டு போனா வரவே மாட்டேங்குது"ன்னான். ஐடில இருக்கிறவங்களுக்கு இந்த டயலாக் ரொம்பப் பழக்கம். நம்ம லேப்டாப்ல ஓடும், கஸ்டமர்கிட்ட மட்டும் ஓடாது.

ஒரு வொர்க்‌ஷாப்ல ஏபிஎஸ் மாட்யூலையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க. இவனும் பணம் கட்ட ரெடி. நான் ஒரு நாள் டைம் கேட்டேன்.

முதல்ல கலர் பாருங்க. மஞ்சள்னா கவனமா ஓட்டிட்டுப் போய்ப் பார்க்கலாம். ஏபிஎஸ் லைட் மட்டும்னா சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனா சடன் பிரேக் அடிச்சா சக்கரம் லாக் ஆகி வழுக்கலாம். சிவப்பு பிரேக் லைட்டும் கூடவே வந்தா ஓரமா நிறுத்திடுங்க. அதுல ரிஸ்க் எடுக்காதீங்க.

அடுத்து, மூணு லைட் எரிஞ்சா மூணு ரிப்பேர்னு அர்த்தமில்ல. இந்த மூணு சிஸ்டமும் ஒரே தகவலை நம்பித்தான் ஓடுது: ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமா சுத்துது. அதைச் சொல்ல சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன சென்சார் இருக்கு. மூணு சக்கரம் 30 கிலோமீட்டர் வேகம்னு சொல்லும்போது நாலாவது பூஜ்யம்னு சொன்னா, கம்ப்யூட்டர் 'எனக்கு நம்பிக்கை இல்ல'ன்னு தானே விலகிக்கும். பல வண்டில அடுத்த தடவை இக்னிஷன் போடுற வரைக்கும் அப்படியே இருக்கும். அதனாலதான் ஆஃப், ஆன் பண்ணா சரியான மாதிரி தெரியுது.

அப்புறம் கோடு. மலிவான ப்ளூடூத் ஸ்கேனர்ல பெரும்பாலும் 'பி'ல ஆரம்பிக்கிற இன்ஜின் கோடுதான் வரும். ஏபிஎஸ் கோடு 'சி'ல ஆரம்பிக்கும். அதைப் படிக்கிற ஸ்கேனர் வேணும். படிச்சதை போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு கிளியர் பண்ணாதீங்க. லாக் ஃபைலை டெலீட் பண்ணிட்டு பக் தேடுற மாதிரி அது. நண்பன் வண்டில அதுதான் நடந்திருக்கு. ரெண்டு தடவை அழிச்சிருக்காங்க. கோடு கையில இல்ல.

சரி, போட்டோ இருக்கே. "எங்கடா எடுத்த?" கொல்லிமலைல இறங்கும்போது. 70 கொண்டை ஊசி வளைவு. "எந்தப் பக்கம் திரும்பும்போது?" கொஞ்ச நேரம் யோசிச்சான். மூணு தடவையும் இடது பக்கம். வலது வளைவுல ஒரு தடவைகூட வரல. மாட்யூல் கெட்டிருந்தா அதுக்கு இடது, வலது தெரியாதே!

இன்னொரு கேள்வி: "வண்டில என்ன மாத்தின?" நாலு மாசம் முன்னாடி ரெண்டு இன்ச் லிஃப்ட் கிட் போட்டிருக்கான். வண்டி உயர்ந்துடுச்சு, சென்சார் வயர் நீளம் அதேதான். இடது பக்கம் முழுசா திரும்பும்போது வண்டி வலது பக்கம் சாயும், இடது முன் சக்கரத்தோட சஸ்பென்ஷன் கீழ இறங்கும். ஸ்டீயரிங்கும் கடைசி வரை திரும்பியிருக்கு. வயர் இழுபடுது.

சோதிச்சது இப்படி. ஜாக் போட்டு, ஸ்டாண்டு வெச்சு, இடது முன் சக்கரத்தைத் தொங்கவிட்டோம். ஸ்டாண்டு இல்லாம வண்டிக்கு அடியில கை விடாதீங்க. வயரோட ரெண்டு முனையையும் கழட்டி, மல்டிமீட்டரை கன்டின்யூட்டில வெச்சோம். ஸ்டீயரிங் நேரா இருக்கும்போது பீப் சத்தம் தொடர்ந்து வந்தது. இடது பக்கம் முழுசா திருப்பினதும் நின்னுடுச்சு. வெளில ரப்பர் நல்லாத்தான் இருந்தது. உள்ள செம்புக் கம்பி அறுந்திருந்தது.

நாலு அஞ்சு லைட் ஒரே நேரத்துல, அதுவும் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வந்தா கதை வேற. பேட்டரி டெர்மினலையும் எர்த் போல்ட்டையும் முதல்ல பாருங்க. தண்ணில இறங்கி வந்த மறுநாள் வந்தா கனெக்டரைக் கழட்டிப் பாருங்க, உள்ள பச்சை பூத்திருக்கும்.

இவன் வண்டிக்குப் புது சென்சார் வயர் போட்டு, கிளிப் இருந்த இடத்தைக் கீழ இறக்கி, கொஞ்சம் தொங்கல் விட்டுக் கட்டினோம். போன ஞாயிறு மறுபடி கொல்லிமலை போய்ட்டு வந்தான். இந்தத் தடவை போட்டோ எதுவும் வரல.