கொஞ்சம் கொசுறு போடுங்க!

"போலே கூராங்?"

இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டே வளர்ந்தவள் நான். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் இருக்கிறது எங்கள் ரிங்லெட். அங்கே சாலையோரம் அம்மா காய்கறிக் கடை போட்டிருந்தார். பள்ளி விடுமுறை என்றால் எங்களுக்கு வேலை நாள். தக்காளி, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி அடுக்க வேண்டும். கார் நிற்கும், கண்ணாடி இறங்கும், என்ன விலை என்று கேட்ட மறுநொடி "போலே கூராங்?" வந்துவிடும்.

அம்மா விலையைக் குறைக்க மாட்டார். ஆனால் இறங்கி வந்து சிரித்துப் பேசியவர்களின் பையில் இரண்டு தக்காளி கூடுதலாக விழும். அதற்குப் பெயர் கொசுறு.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. பாட்டி தேயிலைக் கொழுந்து பறித்தவர். நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் கூலி. அந்தத் தராசுக்கு முன்னால் வாயைத் திறக்க முடியாது. எங்கள் குடும்பத்தில் தன் பொருளுக்குத் தானே விலை சொன்ன முதல் ஆள் அம்மாதான். காரைவிட்டு இறங்காமலேயே அதைப் பாதியாக்கச் சொன்னால் அவருக்கு எப்படிப் பொறுக்கும்?

இவ்வளவும் தெரிந்த நான், சில வருடங்களுக்கு முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் போனபோது என்ன செய்தேன் தெரியுமா?

அங்கே கிம் யோங் சந்தை முந்திரிக்கும் உலர்பழங்களுக்கும் பேர் போனது. ஒரு கடையில் ஒரு கிலோ முந்திரிக்கு விலை கேட்டேன். அம்மா வயதுள்ள பெண்மணி கணக்குப் பொறியைத் தட்டிக் காட்டினார். நானும் தட்டினேன். அவர் கொஞ்சம் இறங்கினார், நான் விடவில்லை. கடைசியில் எங்களுக்கு நடுவே நின்றது வெறும் 20 பாட். கால் மணி நேரம் இழுத்து அதையும் வென்றேன். அவர் நிறுத்துப் பையைக் கட்டவும், "சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று நடந்துவிட்டேன்! இன்னும் மலிவாக எங்காவது கிடைக்கும் என்ற நப்பாசை. திரும்பிப் பார்த்தபோது, அவர் கட்டிய பையை அவிழ்த்து முந்திரியைக் குவியலில் கொட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா இரவுவரை என்னிடம் பேசவில்லை. 20 பாட் என்பது நம் காசுக்கு மூன்று வெள்ளிகூட வராது.

வானொலியில் விடுமுறைக்கால நிகழ்ச்சி செய்யும்போது எங்கே மலிவு என்றுதான் நேயர்கள் கேட்கிறார்கள். எப்படிக் கேட்பது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது நானாகவே சொல்லிவிடுகிறேன். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் உங்கள் வாயால் ஒரு விலையைச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன விலைக்குக் கடைக்காரர் இறங்கி வந்தபின் விலகுவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. நிலவரம் தெரிய வேண்டுமா? இரண்டு மூன்று கடைகளில் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வாருங்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

காலை வேளையில் இன்னும் கவனம் தேவை. நம் ஊர்க் கடைகளில் போணி பார்ப்பதுபோல வியட்நாமிலும் பார்க்கிறார்கள். ஹோ சி மின் நகரில் 1914-இல் திறந்த பென் தான் சந்தைக்குப் பல மலேசியர்கள் போகிறோம். கடை திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு வந்தால் அன்றைய வியாபாரமே கெட்டது என்று நினைப்பார்கள். பேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமே.

தமிழ்நாட்டுக்குக் கல்யாணச் சேலை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நம் பேச்சைக் கேட்டதும் "மலேசியாவா, சிங்கப்பூரா?" என்பார்கள். சில கடைகளில் அத்தோடு விலையும் ஏறும். அங்கே பேசுங்கள், தப்பில்லை. ஆனால் 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுக் கடையில் விலை சீட்டிலேயே இருக்கும், தள்ளுபடியும் அறிவித்ததுதான். அங்கே வாயாடி வெயிலில் களைத்ததுதான் மிச்சம். சாப்பாட்டுக் கடையிலும் வேண்டாம். ஒரு கிண்ண நூடல்ஸில் எதைக் குறைக்கச் சொல்வீர்கள்?

மறுநாள் காலை கண் விழித்தால் அறையில் அம்மாவைக் காணோம். பதறிக்கொண்டு கீழே இறங்கினேன். கையில் முந்திரிப் பையோடு வந்துகொண்டிருந்தார்.

தாய் மொழியில் பெண்கள் மரியாதைக்காக வாக்கிய முடிவில் 'கா' சேர்ப்பார்கள், நம்முடைய 'ங்க' மாதிரி. அம்மாவுக்கு அது தெரியாது.

"நீ பேசின விலைக்கே வாங்கிட்டேன். ஒரு பிடி அள்ளி மேலேயும் போட்டாங்க. நல்ல மனுஷி. பேச்சுக்குப் பேச்சு என்னை அக்கா அக்கான்னுதான் கூப்பிடுறாங்க."