சொல் தெளிந்தால் சந்தம் சிறக்கும்
திருப்புகழ்க் குழுக்களுக்கு ஏற்ற சிறிய மிக்ஸரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள்கோவில் சாலையில், ஒரகடத்தை ஒட்டி அமைந்த திருத்தலம் வல்லக்கோட்டை. சுமார் 7 அடி உயரத் திருமேனியுடன், வள்ளி தேவசேனா சமேதராய் அருள்பாலிக்கும் இத்தலத்து முருகப்பெருமானை அருணகிரிநாதர் பாடிப் பரவியிருக்கிறார். திருப்புகழில் ‘கோடைநகர்’ என்று வருவது இத்தலமே என்பர் பெரியோர். கிருத்திகையும் சஷ்டியும் வந்துவிட்டால், இவ்வட்டாரத்தில் ஏதேனும் ஓர் இல்லத்தின் கூடத்திலோ சிறு மண்டபத்திலோ திருப்புகழ் இசைவழிபாடு நடைபெறாமல் இராது.

அத்தகைய குழுக்கள் பலவற்றில் அண்மைக்காலமாக ஒரு கேள்வி எழுகிறது. ‘நமக்கென்று ஒரு சிறிய மிக்ஸர் வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது?’ கொறிக்கும் மிக்ஸர் அன்று. பல மைக்குகளின் ஒலியை அளவறிந்து ஒன்றுசேர்த்து, ஸ்பீக்கருக்கும் பதிவுக்கும் அனுப்பும் கருவியே இங்கு மிக்ஸர் எனப்படுகிறது. கருவியைப் பற்றிய பேச்சு ஆன்மிக இதழில் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கான விடை திருப்புகழின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஏட்டில் நின்றது, காற்றில் கரைந்தது

அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்ப் பாக்கள் 16,000 என்பது மரபு. இன்று நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 1,300 மட்டுமே. அவையும், நீதிமன்றப் பணியில் இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1890-களில் அச்சேற்றத் தொடங்கியதால் கிடைத்தவை. அவருடைய மைந்தர் வ.சு. செங்கல்வராய பிள்ளை உரை எழுதி அப்பணியை நிறைவு செய்தார்.

ஓலையில் எழுதப்பட்டதால் சொல் பிழைத்தது. சொல்லோடு சந்தமும் பிழைத்தது. ஆனால் அருணகிரியார் எந்தப் பண்ணில், எந்த மெட்டில் பாடினார் என்பது நமக்கு எட்டவில்லை. இன்று நாம் பாடும் மெட்டுகள் எல்லாம் பிற்காலத்து இசைவாணர்களும் அடியார்களும் அமைத்தவை. அவற்றுள் புகழ்பெற்றவை இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் ஏறிவிட்டன. ஒரு தெருவில், ஒரு குடும்பத்தில் மட்டும் வழங்கும் மெட்டுகளோ மூத்தோரின் நாவில்தான் இருக்கின்றன. எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியார் தம் மாமியாரிடம் பாடம் கேட்ட மெட்டு, அவரோடு முடிந்துவிடக் கூடாது. அதைக் காக்கும் பெட்டகம் என்று கருதினால், மிக்ஸரும் பூஜைப் பொருள்களுள் ஒன்றே.

முதலில் எண்ண வேண்டியது

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்து, குழுவில் யார் யாருக்கு மைக் தேவை என்று எழுதிக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் கொண்ட குழு என்று வைத்துக்கொள்வோம். முன்னின்று பாடும் இருவருக்கு இரண்டு மைக், பின்பாட்டுக் குழுவுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று. ஆக, ஐந்து.

இந்த ஐந்தும் அவசியந்தானா என்று அடுத்துக் கேட்க வேண்டும். முப்பது நாற்பது பேர் அமரும் கூடத்தில் மிருதங்கமும் ஆர்மோனியமும் இயல்பாகவே நன்கு ஒலிப்பவை. அவற்றுக்கும் மைக் வைத்தால் பாடுவோரின் குரல் அமுங்கிவிடும். மின்னணுச் சுருதிப்பெட்டிக்கும் மைக் வேண்டியதில்லை. அதைக் கம்பி வழியாக மிக்ஸரின் ‘லைன்’ துளையில் நேரே இணைத்துவிடலாம். இப்படிப் பார்த்தால் மூன்று மைக்குகளே போதும். எதிர்காலத் தேவைக்கு ஒன்று கூட்டி நான்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைவான மைக் சிக்கனம் மட்டுமன்று, நன்மையும்கூட. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஸ்பீக்கர் கீச்சென்று அலறுவதற்கு முன் நாம் கூட்டக்கூடிய ஒலியளவில் 3 டெசிபல் குறைகிறது என்பது ஒலிப்பொறியாளர் அறிந்த கணக்கு. மைக் கூடக் கூட அலறலும் நெருங்கி வரும்.

பெட்டியில் அச்சிட்ட எண்

வங்கிப் பணியில் இருந்தவர்களுக்குச் சிறிய எழுத்துகளை விடாமல் படிக்கும் வழக்கம் உண்டு. மிக்ஸர் வாங்கும்போது அவ்வழக்கம் பெரிதும் உதவும். பெட்டியின்மேல் ‘10 சேனல்’ என்று இருந்தால் பத்து மைக்குகளை இணைக்கலாம் என்று பொருளன்று. யமஹா எம்.ஜி.10 எக்ஸ்.யு. என்னும் மாதிரி 10 சேனல் கொண்டது. அதில் மைக் இணைக்கக்கூடிய துளைகள் நான்கே. அதே நிறுவனத்தின் எம்.ஜி.06 என்பது 6 சேனல், மைக்குக்கு இரண்டு. பெரிங்கர் நிறுவனத்தின் க்யூ 802 யு.எஸ்.பி. என்ற மாதிரியில் எட்டு என்ற எண் பெயரிலேயே இருந்தாலும் மைக்குக்கு இரண்டு துளைகள்தாம். எஞ்சியவை சுருதிப்பெட்டி, கீபோர்டு, கைப்பேசி போன்றவற்றுக்கானவை. ஆகவே கடைக்காரரிடம் ‘எத்தனை சேனல்?’ என்று கேளாமல், ‘எக்ஸ்.எல்.ஆர். மைக் எத்தனை இணைக்கலாம்?’ என்று கேட்க வேண்டும். எக்ஸ்.எல்.ஆர். என்பது மூன்று முள் கொண்ட வட்ட இணைப்பு. இவ்வகைக் கம்பி நீளமாக இருந்தாலும் இரைச்சலை எளிதில் உள்ளே விடாது.

அடுத்தது, ‘பாண்டம் பவர்’ எனப்படும் 48 வோல்ட் மின்சாரம். மேடைகளில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்குகளுக்கு இது தேவையில்லை. மெல்லிய குரலையும் நுட்பமாகப் பிடிக்கும் கண்டன்சர் மைக்குகளுக்கு இது இன்றியமையாதது. வயோதிகத்தால் குரல் தாழ்ந்துவிட்ட ஒருவரின் பாட்டை அமைதியான அறையில் பதிவு செய்ய விரும்பினால் கண்டன்சர் மைக் பெரிதும் உதவும். எனவே இவ்வசதி உள்ள மிக்ஸரையே தேர்ந்தெடுப்பது நலம்.

மூன்றாவது, ‘லோ-கட்’ என்னும் சிறு பொத்தான். இது 80 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கி, அதற்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளைத் தணித்துவிடும். நம் வட்டாரத்துக்கு இதைவிடப் பயனுள்ள பொத்தான் வேறில்லை. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது; அதன் பின்னர் டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு எனத் தொழிற்சாலைகள் பெருகின. இரவு பகலாக டிரெய்லர் லாரிகள் ஓடும் சாலை ஓரத்தில் பாடும்போது அவற்றின் உறுமலும் மின்விசிறியின் காற்றும் மைக்கில் ஏறும். பொத்தானை அழுத்தினால் உறுமல் குறையும். பாடுவோரின் குரலுக்குக் குறைவு வராது.

பதிவு செய்ய வேண்டுமெனில்

மிக்ஸரில் யு.எஸ்.பி. இணைப்பு இருந்தால், ஒலியைக் கணினிக்கோ கைப்பேசிக்கோ அனுப்பிப் பதிவு செய்யலாம். முன்னர்ச் சொன்ன எம்.ஜி.06-இல் இந்த இணைப்பு இல்லை, எம்.ஜி.10 எக்ஸ்.யு.வில் உண்டு. எனினும் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இத்தகைய சிறிய மிக்ஸர்கள் எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து, இடம் வலம் என இரண்டு தடங்களாகவே அனுப்புகின்றன. பாஸ்புத்தகத்தில் மொத்த இருப்பு மட்டும் இருந்து, தனித்தனி வரவுகள் இல்லாத நிலை போன்றது இது. மிருதங்கம் ஓங்கியும் பாட்டியாரின் குரல் தாழ்ந்தும் பதிவாகிவிட்டால், பின்னர் பிரித்துச் சரிசெய்ய இயலாது. ஆகவே பாடத் தொடங்குமுன்பே அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மைக்கையும் தனித்தடத்தில் பதிவு செய்ய விரும்பும் குழுக்களுக்கு, சூம் நிறுவனத்தின் லைவ்ட்ராக் எல்-8 போன்ற கருவிகள் உள்ளன. ஆறு மைக்குகள் வரை இதில் இணைக்கலாம். கணினியின்றி, தானே சிறு நினைவட்டையில் தனித்தனித் தடங்களாகப் பதிவு செய்துகொள்ளும். பேட்டரியிலும் இயங்குவதால் மின்தடை வந்தாலும் பாட்டு நிற்காது. விலை சற்று அதிகம். பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கும்போது சுமை குறையும். வாரந்தோறும் வழிபாட்டில் ஒலி கேட்டால் போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லை.

பதிவின்போது விளக்குகளைக் கவனியுங்கள். பச்சை எப்போதும் எரியலாம். மஞ்சள் எப்போதாவது எரியலாம். சிவப்பு எரியவே கூடாது. உச்சத்தில் சிதைந்த ஒலியைப் பின்னர் மீட்பது அரிது. குழுவில் மிக உரக்கப் பாடுபவரை, அவர் பாடும் மிக உயர்ந்த இடத்தைப் பாடச் சொல்லி, அதற்கேற்பக் ‘கெயின்’ திருகை அமைத்துவிட்டால் நடுவில் அச்சமில்லை.

எதிரொலி என்னும் மயக்கம்

வாங்குவோரை மிகவும் ஈர்ப்பது எக்கோ, ரிவர்ப் போன்ற எதிரொலி வசதிகளே. கடையில் ஒரு முறை ‘முருகா’ என்று சொல்லிப் பார்த்தால், பெரிய கோபுர வாயிலில் நின்று அழைத்ததுபோல் மனம் நெகிழும். அவ்விடத்தில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

திருப்புகழின் உயிர் அதன் சந்தம். குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் விரைந்து அடுக்கி வரும் இசைநடை அது. ஓரெழுத்து முடியுமுன் முந்தைய எழுத்தின் எதிரொலி வந்து மோதினால் சொல் குழம்பும். சொல் குழம்பினால் சந்தம் குலையும். மேலும், முதுமையில் செவித்திறன் குறையும்போது முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ‘பாட்டுக் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை’ என்று நம்மில் பலர் கூறுவதற்கு இதுவே காரணம். அத்தகையோர் நிறைந்த அவையில் எதிரொலியைக் கூட்டுவது, மூக்குக்கண்ணாடியில் புகை படிய விடுவதற்கு ஒப்பாகும்.

ஆகையால் எதிரொலித் திருகைப் பூஜ்ஜியத்தில் வைத்துத் தொடங்குங்கள். தேவையெனில் தனிவிருத்தம் பாடும்போது மட்டும் சிறிதளவு கூட்டலாம். எதிரொலி வசதி அறவே இல்லாத மிக்ஸர் விலை குறைவாகக் கிடைத்தால், அதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை.

கருவியினும் பெரியது கைப்பழக்கம்

எந்த மிக்ஸரை வாங்கினாலும் சில பழக்கங்கள் அவசியம். ஸ்பீக்கர்களைப் பாடுவோருக்கு முன்னால், அவையோரை நோக்கி வையுங்கள். மைக்குக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருந்தால் அலறல் நிச்சயம். இரண்டு மைக்குகளுக்கு இடையிலுள்ள தொலைவு, ஒரு மைக்குக்கும் பாடுபவரின் வாய்க்கும் உள்ள தொலைவைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். எர்த் இணைப்புச் சரியாக உள்ள மூன்று முள் பிளக்கையே பயன்படுத்துங்கள். எர்த் சரியில்லாத இடத்தில் ‘உம்’ என்ற இரைச்சல் தொடரும்.

கடைக்கு இளைஞர் ஒருவரையும் நம் கைப்பேசியையும் மைக்கையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கேயே இணைத்து ஒரு பாடலைப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டு, சொல் தெளிவாக இருந்தால் மட்டும் பணம் செலுத்துங்கள். ரசீதும் உத்தரவாத அட்டையும் வாங்க மறவாதீர்கள்.

அக்கம்பக்கத்தாரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பும் உண்டு. சட்டத்தைவிட நெருக்கமான காரணம் ஒன்றும் இருக்கிறது. நம் வட்டாரத்தில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளர் பலர். அவர்களின் உறக்கத்தைக் கலைக்காத வழிபாடே முருகனுக்கு உவப்பானது.

பெட்டகத்தில் சேர்ப்போம்

பதிவு செய்ததைப் பெயரிட்டு வைக்காவிட்டால், சில ஆண்டுகளில் எது யாருடைய குரல் என்பதே தெரியாமல் போகும். ஒவ்வொரு பதிவுக்கும் பாடலின் முதலடி, பாடியவர் பெயர், ராகம், தாளம், யாரிடம் பாடம் கேட்டது, நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். சுருக்கப்படாத ‘வேவ்’ வடிவில் சேமித்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி. இடம் பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 600 எம்.பி. இன்றைய பென்டிரைவுகளுக்கு இது பெரிய சுமையன்று. மூலப்பதிவின் இரண்டு படிகளை வெவ்வேறு இல்லங்களில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் சுருக்கிய வடிவை அனுப்பலாம்.

மிக்ஸர் வாங்கப் பணம் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த கிருத்திகைக்கு முன்பாகவே, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, குழுவில் மூத்தவரை அமர்த்தி, கைப்பேசியிலேனும் ஒரு பாடலைப் பதிவு செய்துவிடுங்கள். கருவி பின்னர் வரட்டும். குரல் இன்று இருக்கிறது. எஞ்சியதைக் கோடைநகர்க் குமரன் பார்த்துக்கொள்வான்.