உளுந்து டின்னில் ஓட்டை விழும் முன்...

நெல் தரிசில் விதைத்த உளுந்து, பங்குனியில் களத்திலிருந்து வீட்டுக்கு வருகிறது. விற்றது போக, வீட்டுச் செலவுக்கு என்று ஒரு டின் நிரப்பி வைக்கிறீர்கள். வைகாசியில் இட்லிக்கு ஊறப்போட எடுத்தால் கையெல்லாம் வெள்ளைத் தூள். பயறில் பாதி ஓட்டை. யாரைக் கேட்டாலும், "ஒரு மாத்திரையைப் போட்டு மூடி வை" என்பார்கள். அந்த மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

மாத்திரை ஏன் கூடாது?

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளிவரும். வண்டைக் கொல்லும் அதே வாயு மனிதரையும் கொல்லும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் பரவும். மூட்டைக்கு மாத்திரை வைத்துவிட்டு அதே வீட்டில் தூங்கியவர்கள் உயிரிழந்த சம்பவங்கள் நடந்துள்ளன. அரசு நிறுவனங்களும், அரசு வல்லுநர்களின் மேற்பார்வையில் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணி செய்வோரும் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

வண்டு எங்கிருந்து வருகிறது?

பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே தொற்றிவிடுகிறது. முற்றிய காயின் மீது முட்டையிட, புழு பயறுக்குள் புகுந்து வீட்டுக்கு வந்து சேர்கிறது. உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வட்டமாக ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். முட்டை வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வெளிவந்த வண்டு பயறைத் தின்பதில்லை. சில நாட்கள்தான் வாழும். ஆனால் அதற்குள் ஒரு பெண் வண்டு பல பத்து முட்டைகளைப் பயறின் மேல் ஒட்டிவிடும். எனவே ஓட்டையைத் தேடாதீர்கள். முதல் வண்டைத் தேடுங்கள்.

வண்டைக் காட்டிக்கொடுக்கும் குழாய்

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்காகவே குழாய்ப் பொறியை உருவாக்கியுள்ளது. குழாயைச் சுற்றி 2 மி.மீ. துளைகள், அடியில் கழற்றக்கூடிய கூம்பு. தானியத்துக்குள் செங்குத்தாகச் செருகி, மூடி மேல்மட்டத்தோடு சமமாக இருக்கும்படி வைக்க வேண்டும். காற்று உள்ள இடத்தை நாடி வரும் வண்டுகள் துளை வழியே நுழைந்து கூம்பில் விழும். திரும்ப ஏற முடியாது. மின்சாரமோ மருந்தோ தேவையில்லை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். 25 கிலோ அரிசி டின்னுக்கு இரண்டு, மூன்று போதும்.

பயறு வண்டு மேற்பரப்பில்தான் அதிகம் திரியும். அதனால் பயறு டின்னுக்கு, குழாயோடு மேலே குழிப் பொறியும் சேர்ந்த 'டூ இன் ஒன்' பொறி பொருத்தமானது. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து வாங்கலாம்.

காய்ச்சல், எண்ணெய், பாட்டில்

பொறி வெளியே திரியும் வண்டைத்தான் பிடிக்கும். பயறுக்குள் இருக்கும் புழுவுக்கு வேறு வழி உண்டு.

* சேமிக்கும் முன் பயறைக் கடித்துப் பாருங்கள். 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை. ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது.

* சமையலுக்கான பயறைக் கறுப்புத் தார்ப்பாயில் மெல்லிதாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் விரிப்பை மூடி, ஓரங்களில் கல் வைத்து நண்பகல் வெயிலில் ஓரிரு மணி நேரம் விடுங்கள். உள்ளே ஏறும் வெப்பத்தில் முட்டையும் புழுவும் சாகும். ஆறிய பிறகே டின்னில் கொட்ட வேண்டும். விதைப் பயறுக்கு இது வேண்டாம், முளைப்பு கெடலாம்.

* முழுப் பயறு கிலோவுக்கு 5 மி.லி. சமையல் எண்ணெய் அல்லது விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வையுங்கள். 10 கிலோவுக்கு 50 மி.லி. போதும். எண்ணெய் பூசிய பயறில் முட்டை பொரிப்பது வெகுவாகக் குறையும்.

* கொஞ்சமாக இருந்தால் காலித் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கழுத்து வரை பயறு நிரப்பி இறுக மூடுங்கள். காற்று தீர்ந்ததும் உள்ளே உள்ள பூச்சியும் தீரும். அடிக்கடி திறந்தால் பலன் இல்லை. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துச் செலவழியுங்கள்.

* வசம்பு, காய்ந்த வேப்பிலை, மிளகாய் வற்றல் போடுவது நம் வழக்கம். இவை புதிதாக வரும் பூச்சியை ஓரளவு விரட்டும். உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. இலையில் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

* புது தானியத்தைப் பழைய தானியத்தின் மேல் கொட்டாதீர்கள். டின்னைக் கழுவி, வெயிலில் வைத்த பிறகே நிரப்புங்கள்.

வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், பொறியின் கூம்பைக் கழற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு வண்டு விழுந்திருந்தால் அன்றே பயறைப் புடைத்து, சலித்து, வெயிலில் போட்டுவிடுங்கள். பிடித்த வண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். ஐந்து நிமிட வேலைதான். மூன்று மாதம் பாடுபட்டு விளைவித்த உளுந்து உங்கள் வீட்டு இட்லிக்கே வந்து சேரும். மாத்திரை வாங்கும் தேவையும் வராது.